நத்தை ஓட்டிலிருந்து பழங்கால மழையைக் கணிக்கும்போது கவனிக்க வேண்டியவை

சிந்துவெளி நாகரிகம் வறட்சியால் அழிந்தது என்ற செய்தி சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வந்துகொண்டே இருக்கிறது. அதற்கு ஆதாரமாகக் காட்டப்படும் இடங்களில் முக்கியமானது ஹரியானாவின் நூஹ் மாவட்டத்தில் உள்ள கோட்லா தஹர் என்ற பழைய ஏரிப்படுகை. அங்கே எடுத்த நத்தை ஓடுகளில், சுமார் 4,100 ஆண்டுகளுக்கு முன் ஆக்சிஜன்-18 (ஆக்சிஜனின் கனமான வகை) ஆயிரத்துக்கு 4 என்ற அளவில் சட்டென்று கூடியிருப்பதை யமா தீட்சித், டேவிட் ஹோடெல், கேமரூன் பெட்ரி ஆகியோர் 2014இல் வெளியிட்டார்கள். மதிக்க வேண்டிய ஆய்வு. ஆனால் அந்த ஒரு எண்ணை வைத்து எந்தப் பருவத்தில் மழை பொய்த்தது, எந்தப் பயிர் போனது என்றெல்லாம் முடிவுகட்டுவது வேறு விஷயம்.

ஓட்டில் நேரடியாகப் பதிவது ஏரி நீர்தான், மழை அல்ல. நீர் வெளியேற வழியில்லாத ஏரியில், ஆவியாகும்போது எடை குறைந்த ஆக்சிஜன்-16 அதிகமாகப் போய்விடும். கனமான ஆக்சிஜன்-18 தங்கும். பருவமழை நிரம்பினால் அந்த விகிதம் மறுபடி இறங்கும். ஆக, நாம் படிப்பது மழைக்கும் ஆவியாதலுக்கும் இடையிலான கணக்கு. கலங்கல் வழியாக நீர் வெளியேறிக்கொண்டிருந்த ஏரியாக இருந்தால் இந்த ஏற்ற இறக்கம் மங்கிவிடும். அதனால் படுகை மூடியதா என்று பார்த்த பிறகே ஓட்டைத் தொட வேண்டும்.

வெப்பமும் கணக்கில் வரும். நீர் ஒரு டிகிரி குளிர்ந்தால் ஓட்டின் ஆக்சிஜன்-18 எண் ஏறத்தாழ ஆயிரத்துக்கு 0.2 முதல் 0.25 வரை கூடும். அப்படியானால் 4 என்ற ஏற்றத்தைக் குளிரால் மட்டும் விளக்க 16 முதல் 20 டிகிரி வரை குறைந்திருக்க வேண்டும். அது அங்கே நடக்கக்கூடியதல்ல. ஆயிரத்துக்கு 0.5 அளவிலான சிறு மாற்றத்துக்கு, குளிர் காரணமல்ல என்ற இந்த வாதம் செல்லாது.

ஆய்வுக்கூடத்தில் பெரும்பாலான பிழைகள் கழுவும் இடத்திலேயே தொடங்குகின்றன. களிமண்ணைக் கரைக்க நீர்த்த கால்கன் (களிமண் துகள்களைப் பிரிக்கும் பாஸ்பேட் உப்பு) கரைசல் போதும். பிறகு 250, 125, 63 மைக்ரான் சல்லடைகளில் வடிகட்டலாம். கரிமப் பொருளை நீக்க ஹைட்ரஜன் பெராக்சைடைத் தாராளமாக ஊற்றுகிறார்கள். அது அமிலத்தன்மை அடைந்து, ஆஸ்ட்ரகோடு என்ற ஒரு மில்லிமீட்டர் அளவே உள்ள ஓட்டுயிரிகளின் மெல்லிய ஓட்டை அரித்துவிடும். அடுத்து எக்ஸ்-கதிர் சோதனை. அரகோனைட், கால்சைட் இரண்டும் கால்சியம் கார்பனேட்டின் வெவ்வேறு படிக வடிவங்கள். நத்தை ஓடு இயல்பில் அரகோனைட். அதில் கால்சைட் தென்பட்டால், புதைந்த பின் நிலத்தடி நீரில் ஓடு மறுபடிகமாகியிருக்கிறது. அதை ஒதுக்கிவிட வேண்டும். வேகமாகத் துளையிட்டாலும் உராய்வுச் சூட்டில் அரகோனைட் மாறக்கூடும் என்பதால் துளைக்கருவி மெதுவாகவே சுழலட்டும்.

முழு ஓட்டையும் பொடித்தால் கிடைப்பது அதன் ஆயுள் முழுவதற்குமான சராசரி. பருவம் வேண்டுமென்றால் நுனியிலிருந்து வாய் வரை, சுருளின் வழியே அரை மில்லிமீட்டர் இடைவெளியில் பொடி எடுத்து ஒவ்வொன்றையும் தனியாக அளக்க வேண்டும். நம் ஊர்க் குளங்களிலும் ஊரும் மெலனாய்டஸ் டியூபர்குலேட்டா என்ற கூம்பு நத்தை இதற்குத் தோதானது. இதிலும் ஒரு குறை உண்டு: கடுங்குளிரில் நத்தையின் வளர்ச்சி தளரும் அல்லது நின்றுபோகும். வட இந்தியாவில் மேற்கத்திய இடையூறுகள் (மேற்கிலிருந்து நகர்ந்துவரும் காற்றழுத்தத் தாழ்வுகள்) கொண்டுவரும் குளிர்கால மழை அதனால் ஓட்டில் சரியாகப் பதியாது. கோதுமையும் பார்லியும் நம்பியிருந்தது அந்த மழையைத்தான். தென்மேற்குப் பருவமழை தளர்ந்தது என்ற முடிவு, குளிர்காலப் பயிரும் போனது என்று பொருள்படாது.

இந்த இடைவெளியை ஓரளவு நிரப்ப ஆஸ்ட்ரகோடு உதவும். வளர்ந்த ஆஸ்ட்ரகோடின் ஓடு சில நாட்களிலேயே உருவாகிவிடும். ஒரே அடுக்கில் இருந்து 20 ஓடுகளைத் தனித்தனியாக அளந்தால், அவற்றின் எண்கள் எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பதே பருவ வேறுபாட்டின் அளவைக் காட்டும். இருபதையும் சேர்த்து அளப்பவர்கள் அந்தத் தகவலைத் தாங்களே தொலைக்கிறார்கள். உப்புத்தன்மைக்காக ஸ்ட்ரான்சியம்–கால்சியம் விகிதம் பார்க்கும்போது, ஏரியிலேயே அரகோனைட் படிந்திருந்தால் அது ஸ்ட்ரான்சியத்தை உறிஞ்சி விகிதத்தைக் குலைத்துவிடும்.

காலக்கணிப்புதான் எனக்கு அதிகம் கவலை தருவது. சுண்ணாம்புப் பாறையில் இருந்து கரைந்து வரும் பழைய கார்பன் ஏரி நீரில் கலப்பதால், ஓட்டின் ரேடியோகார்பன் வயது உண்மையைவிட நூற்றுக்கணக்கான ஆண்டுகள் கூடுதலாகக் காட்டலாம். அவ்வளவு விலகினால் நகரங்களின் சரிவோடு வறட்சியை முடிச்சுப்போடவே முடியாது. அதே அடுக்கில் கிடைக்கும் நிலத்தாவர விதை அல்லது கரித்துண்டைத் தேதியிட்டு ஒப்பிடுவது கட்டாயம்.

வேறு வகைச் சான்று வேறு ஏரியில் இருந்து வந்தால் நம்பிக்கை கூடும். மகாராஷ்டிரத்தின் லோனார் ஏரியில் கெய்லசைட் என்ற உப்புப் படிகங்கள் சுமார் 4,600 முதல் 3,900 ஆண்டுகளுக்கு முந்தைய அடுக்குகளில் கிடைத்தன. ஏரி நீர் வற்றி நன்றாகச் செறிந்தால்தான் அவை உருவாகும். நீரில் அவை மெல்லச் சிதைவதால், கழுவுவதற்கு முன்பே பொறுக்கி எடுத்துவிட வேண்டும்.

பழைய ஏரிப்படுகைகளில் செங்கலுக்கும் சாலைக்கும் மண் வெட்டுகிறார்கள். வெட்டிக் குவித்த மண்ணில் பொறுக்கிய ஓடு எவ்வளவு அழகாக இருந்தாலும் ஆழம் தெரியாததால் பயன்படாது. தோண்டும் இடத்தில் ஒரு மீட்டர் அகலத்துக்குச் செங்குத்துச் சுவரை விட்டுவைக்கச் சொல்லுங்கள். அளவுகோல் வைத்துப் படமெடுத்து, மேலிருந்து கீழாக ஆழம் எழுதி, சேற்றைக் கழுவாமல் பிளாஸ்டிக் உறையில் கட்டி 4 டிகிரி குளிரில் வையுங்கள். தேதியிட வேண்டிய விதைகளை அலுமினியத் தாளில் சுற்றுங்கள். பஞ்சும் காகிதமும் புதிய கார்பனைச் சேர்த்துவிடும்.