அந்த ஆறு எழுத்துகளைப் பிரிக்காதீர்கள்: பாலஸ்தீனத்துக்காகச் சுவர் வரையப் போகிறவர்களுக்கு

போன மாதம் ஒரு சனிக்கிழமை, புதிதாக வரைந்து முடித்த சுவரைப் பார்க்க வாருங்கள் என்று ஒரு குழுவினர் கூப்பிட்டிருந்தார்கள். நாற்பது அடி நீளம், பன்னிரண்டு அடி உயரம். அறுபது பேர் இரண்டு வார இறுதிகள் உட்கார்ந்து வரைந்தது. பாதிப்பேர் பள்ளிப் பிள்ளைகள். ஆலிவ் மரம், விட்டுவந்த வீட்டின் சாவி, கொடியின் நிறங்கள் கொண்ட தர்பூசணி, எல்லாவற்றுக்கும் மேலே ஆளுயர எழுத்தில் அரபியில் "பாலஸ்தீனம்". பாலஸ்தீனப் பாட்டி ஒருவர் பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். வெகுநேரம் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றார். அப்புறம் என்னிடம் மெதுவாக, "யா பின்தி, இது என்ன மொழி?" என்று கேட்டார். யா பின்தி என்றால் 'மகளே' என்று அர்த்தம்.

எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. ஆறு எழுத்துகளும் தனித்தனியாக, அதுவும் இடமிருந்து வலமாக, ஒன்றையொன்று தெரியாதவர்கள் போல வரிசையில் நின்றன. தன் நாட்டின் பெயரை அந்த அம்மாவால் வாசிக்க முடியவில்லை.

சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில் பதினான்கு வருடமாகச் சுவரோவிய வேலை செய்கிறேன். இரண்டு வருடத்தில் இப்படி நான் பார்க்கும் மூன்றாவது சுவர் இது. அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் எழுத்து. தமிழில் 'கொ' என்று தட்டினால் ஒற்றைக்கொம்பு ஒரு பக்கம், துணைக்கால் ஒரு பக்கம், நடுவில் வெறும் வட்டம் என்று உடைந்து வந்த காலம் நமக்கு நினைவிருக்கும். இப்போதும் வெளிநாட்டு விமான நிலையங்களில் அப்படி உடைந்த தமிழைப் பார்த்துவிட்டுப் படம் எடுத்துப் போட்டு ஆத்திரப்படுகிறோம். அரபிக்கும் அதேதான் நடக்கிறது. அது வலமிருந்து இடமாகப் போகும் எழுத்து. பெரும்பாலான எழுத்துகளுக்குச் சொல்லின் தொடக்கத்தில் ஒரு வடிவம், நடுவில் ஒன்று, கடைசியில் ஒன்று, தனியாக நின்றால் இன்னொன்று. அரபிக்குத் தயாராக இல்லாத வடிவமைப்பு மென்பொருளில் சொல்லை ஒட்டினால், எல்லா எழுத்தையும் தனி வடிவத்துக்கு மாற்றித் திசையையும் திருப்பிவிடும். திரையில் பார்க்க அழகாகவே இருக்கும். அரபி தெரியாதவர் கண்ணுக்கு ஒரு குறையும் தெரியாது.

"எழுத்தும் ஒரு படம் மாதிரிதானே, கொஞ்சம் முன்னே பின்னே இருந்தால் என்ன" என்று ஒரு தம்பி என்னிடம் கேட்டார். படித்தவர், நல்லவர், அந்தச் சுவருக்காக ராப்பகலாக உழைத்தவர். தம்பி, அந்தச் சொல்லையே எடுத்துக்கொள்வோம். ஃபிலஸ்தீன். அரபியில் ஆறு எழுத்து: ஃபா, லாம், சீன், தா, யா, நூன். அரபியில் அடுத்த எழுத்தோடு கைகோக்காத எழுத்துகள் ஆறு உண்டு. அலிஃப், தால், தால் மாதிரியே மேலே ஒரு புள்ளி வைத்த இன்னொன்று, ரா, ஸா, வாவ். இவற்றில் ஒன்றுகூட இந்தச் சொல்லில் கிடையாது. அதனால் முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை ஒரே ஓட்டம்தான். நடுவில் இடைவெளியே வராது. பேனாவை அப்புறம் எடுப்பது புள்ளி வைக்கவும், தா எழுத்தின் மேல் செங்குத்துக் கோடு போடவும் மட்டும். ஃபாவுக்கு ஒன்று, யாவுக்கு இரண்டு, நூனுக்கு ஒன்று என்று மொத்தம் நான்கு புள்ளிகள். சுவரில் எழுதி முடித்ததும் இந்த நான்கையும் எண்ணுங்கள். சொல் நடுவில் எங்காவது அறுபட்டிருந்தால் தப்பு. புள்ளி குறைந்தாலும் தப்பு. அரபி தெரியாதவர்கூட இந்த அளவுக்குச் சரிபார்க்கலாம். இதற்கு மேல் என்றால் அரபியைத் தாய்மொழியாகப் பேசுகிற ஒருவர் பார்க்க வேண்டும். கூகுள் போதாது. அரபி எழுத்தை ஓதத் தெரிந்த நம் நண்பர்கள் உதவுவார்கள்தான், ஆனாலும் வாசகம் சரியா, அந்த ஊரில் அப்படிச் சொல்வார்களா என்பதை அந்த ஊர்க்காரரிடம்தான் கேட்க வேண்டும். கணினித் திரையில் ஒரு தடவை, சுவரில் பென்சில் கோடாக இருக்கும்போது இன்னொரு தடவை. இரண்டாவதை விட்டுவிடாதீர்கள். ப்ரொஜெக்டரில் படம் திரும்பி விழுந்ததைக் கவனிக்காமல் அப்படியே கோடு போட்ட சுவரும் நான் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது ஹந்தலா. நாஜி அல்-அலி என்ற பாலஸ்தீனக் கார்ட்டூனிஸ்ட் 1969இல் குவைத் பத்திரிகை ஒன்றில் வரைந்த பத்து வயதுப் பையன். செருப்பில்லாத கால், ஒட்டுப்போட்ட சட்டை. ஓவியர் 1948இல் தன் ஊரான அல்-ஷஜராவை விட்டு லெபனான் அகதி முகாமுக்குப் போனது பத்து வயதில், அதனால் பையனுக்கும் என்றைக்கும் பத்து வயதுதான். அவன் பெயர் வந்த ஹந்தல் என்பது நம் ஊர்க் குமட்டிக்காய்க் கொடி. கசப்பு, வெட்ட வெட்டத் தழைக்கும். 1973க்குப் பிறகு அந்தப் பையன் முதுகைத்தான் காட்டுகிறான், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு. பாலஸ்தீனர்களுக்கு விடுதலையும் மானமும் திரும்பக் கிடைக்கும் நாளில்தான் அவன் முகத்தைப் பார்க்கலாம் என்று நாஜி அல்-அலி சொல்லியிருந்தார். 1987இல் லண்டன் தெருவில் அவரைச் சுட்டார்கள், ஐந்து வாரம் கழித்து இறந்தார்.

இந்தக் கதை முழுக்கத் தெரிந்தும், "நம்பிக்கையாக இருக்கட்டும்" என்று அந்தப் பையனைத் திருப்பிச் சிரித்த முகம் வரைகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். அந்த முகத்தை வரைய வேண்டிய நாளைப் பாலஸ்தீனர்கள் தீர்மானிக்கட்டும். சான் பிரான்சிஸ்கோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் 2007இல் பாலஸ்தீன அறிஞர் எட்வர்ட் சயீதின் சுவரோவியம் திறந்தபோது, முதல் வரைவில் சாவியோடு இருந்த ஹந்தலா அதில் இல்லை. நிர்வாகம் ஒத்துக்கொள்ளவில்லை. அந்தச் சின்ன முதுகுக்கு ஓவியர்கள் எவ்வளவு வாதாட வேண்டியிருந்தது என்று தெரிந்தால், நாம் அதன் மேல் விளையாட்டாகக் கை வைக்க மாட்டோம்.

கொடி. மேலிருந்து கறுப்பு, வெள்ளை, பச்சை. கம்பத்தின் பக்கம் சிவப்பு முக்கோணம். நட்சத்திரம் போட்டால் அது ஜோர்டான். அவ்வளவுதான். இதில் தப்பு வந்தால் மன்னிப்பே இல்லை, ஏனென்றால் இந்த நான்கு நிறங்களுக்காக ஆட்கள் சிறைக்குப் போயிருக்கிறார்கள். மேற்குக் கரையிலும் காசாவிலும் 1967க்குப் பிறகு 1993 ஓஸ்லோ சமாதான ஒப்பந்தம் வரை அந்தக் கொடியைக் காட்டத் தடை இருந்தது. முதல் இன்திஃபாதா என்ற மக்கள் எழுச்சியின்போது வீட்டுச் சுவரில் யாரோ எழுதிப்போன வாசகத்தை, இஸ்ரேல் ராணுவம் வந்து வீட்டுக்காரரையே வெள்ளையடிக்க வைக்கும். சுவர் என்பது அவர்களுக்கு அப்படிப்பட்ட இடம்.

இனி, எனக்கு மிகவும் வருத்தம் தருகிற விஷயம். "நல்ல எண்ணத்தோடுதானே செய்தோம்" என்கிறார்கள். ஆமாம், சந்தேகமே இல்லை. ஆனால் 'சமூகச் சுவரோவியம்' என்றால், ஓவியர் கோடு போட்டுக் கொடுக்க அக்கம்பக்கத்தார் வந்து வண்ணம் நிரப்புவது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். வண்ணம் நிரப்புவது கடைசி வேலை. என்ன வரைவது என்று கூடி உட்கார்ந்து முடிவு செய்வதுதான் முதல் வேலை, பாதி வேலையும் அதுவே. அந்தக் கூட்டத்தில் பாலஸ்தீனர் ஒருவர்கூட இல்லையென்றால் அது யாருடைய சுவர்? வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்டில் ஃபால்ஸ் சாலைப் பக்கம் ஒரு நீண்ட சுவர் உண்டு, சர்வதேசச் சுவர் என்பார்கள். பல வருடமாக அரசியல் ஓவியம் வரைந்து கை தேர்ந்தவர்கள் அங்கே இருக்கிறார்கள். அவர்களே 2024இல் அந்தச் சுவரைப் பாலஸ்தீனத்துக்குக் கொடுத்தபோது, பாலஸ்தீன ஓவியர்களின் படங்களை வாங்கி அவற்றைத்தான் பெரிதாக்கி வரைந்தார்கள். அவ்வளவு தேர்ந்த கைகள் தங்கள் கற்பனையை ஒதுக்கி வைத்தன. வாஷிங்டன் மாநிலத்தின் ஒலிம்பியாவில், 2003இல் காசாவின் ராஃபாவில் இஸ்ரேல் ராணுவப் புல்டோசரின் கீழ் உயிர்விட்ட அமெரிக்கப் பெண் ரேச்சல் கோரியின் ஊரில், ஒரு பெரிய ஆலிவ் மரச் சுவர் இருக்கிறது. ஒவ்வொரு இலையும் ஒவ்வொரு குழுவினர் வரைந்தது. பலர் சேர்ந்து வரைய அதைவிட நல்ல ஏற்பாடு எனக்குத் தெரியாது.

தத்ரீஸ் என்ற பாலஸ்தீன எம்பிராய்டரியும் அப்படித்தான். 2021இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தார்கள். கட்டம் எண்ணிப் போடும் குறுக்குத் தையல் என்பதால், புள்ளிக்கோலம் போடத் தெரிந்த எவரும் சுவரில் கட்டம் எண்ணிப் போட்டுவிடலாம். ஆனால் ஊருக்கு ஊர் மாதிரி வேறு. இணையத்தில் கிடைத்ததை எடுத்து ஒட்டாமல், வீட்டில் பழைய தோப் ஆடை வைத்திருக்கிற ஒரு அம்மாவைக் கேளுங்கள். சந்தோஷமாக எடுத்துக் காட்டுவார்கள்.

சரி, மற்றதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சுவர்க்காரரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள், எத்தனை வருடம் அழிக்காமல் வைத்திருப்பார் என்பதையும் சேர்த்து. ஈரச் சுவரிலும் உப்புப் பூத்த சுவரிலும் வரையாதீர்கள், ஒரே மழையில் உரியும். உள்சுவருக்கான எமல்ஷனை வெளியில் அடிக்காதீர்கள். மலிவான சிவப்பு முதலில் வெளுக்கும், இரண்டு கோடையில் முக்கோணம் ரோஜா நிறமாகிவிடும், அதனால் காசு குறைவாக இருந்தால் மற்றதில் குறைத்துக்கொண்டு நல்ல சிவப்பு வாங்குங்கள். பிள்ளைகளைச் சாரத்தில் ஏற்றவே ஏற்றாதீர்கள். பாராசூட் துணி என்று நாங்கள் சொல்கிற மெல்லிய பாலியெஸ்டர் துணியை மேசையில் விரித்துக் கொடுத்தால் உட்கார்ந்தபடி வரைவார்கள், பிறகு பெரியவர்கள் சுவரில் ஒட்டலாம். மேல்பூச்சு அவசியம். யாராவது வந்து கறுப்பு ஸ்ப்ரே அடித்துவிட்டுப் போவார்கள், அதற்கும் தயாராக இருங்கள். மிச்ச வண்ணத்தைப் பெயரெழுதி மூடி வையுங்கள்.

இன்னொன்றைக் கெஞ்சிக் கேட்கிறேன். வரைகிறவர்களின் முகத்தை அவர்களைக் கேட்காமல் படம் எடுத்துப் போடாதீர்கள். விசாவில் இருக்கும் மாணவர்கள் வருகிறார்கள், வேலைக்குப் பயப்படுகிறவர்கள் வருகிறார்கள், ஊரில் குடும்பம் இருக்கிறவர்கள் வருகிறார்கள். கைகளை மட்டும் எடுங்கள். இறந்தவர்களின் முகத்தை வரைவதானால் குடும்பத்தைக் கேளுங்கள். அனுமதி கிடைக்காவிட்டால் வரையாதீர்கள்.

அந்தச் சுவருக்கு வருகிறேன். அன்றைக்கே குழுவினரிடம் சொன்னேன். முதலில் முகம் வாடியது, அப்புறம் ஒத்துக்கொண்டார்கள். மேல்பகுதிக்கு மட்டும் திரும்ப வெள்ளை அடித்தோம். பாட்டியைக் கேட்டதும் கைப்பையிலிருந்து ஒரு மளிகைக் கடை ரசீதை எடுத்து, அதன் பின்பக்கத்தில் பால்பாயின்ட் பேனாவால் எழுதிக் கொடுத்தார். அதையே ப்ரொஜெக்டரில் பெரிதாக்கினோம். கடைசி எழுத்தின் வளைவில் அவர் கை கொஞ்சம் நடுங்கியிருந்தது. அதை நேராக்கிவிடலாமா என்று அந்தத் தம்பி கேட்டார். வேண்டாம் என்றேன். நடுக்கத்தோடேயே கோடு போட்டோம். வருகிற சனிக்கிழமை கறுப்பு நிரப்புகிறோம், நான்கு புள்ளிகளைப் பேத்தி வைப்பதாக ஏற்பாடு.