வெண்குஷ்டம்னு அடிக்காதீங்க, அது வெண்புள்ளி

போன ஜூன் மாசம், மாங்கனி கண்காட்சி சமயம், கிருஷ்ணகிரியில எங்க ஃப்ளெக்ஸ் கடையில மூச்சு விட நேரமில்லாம வேலை ஓடிட்டு இருந்துச்சு. அப்ப வாட்ஸ்அப்ல ஒரு ஆர்டர், பத்துக்கு ஆறு சைஸ், நாளைக்கு காலையில வேணும்னு. மேட்டரைப் பார்த்தேன். "வெண்குஷ்டம் விழிப்புணர்வு மற்றும் ஏற்பு ஓவியக் கண்காட்சி". ஜூன் 25க்கு பசங்கள வச்சு படம் வரைய வச்சு மாட்டப் போறாங்க, நல்ல காரியம், ஆனா தலைப்பைப் படிச்சதும் எனக்கு வயித்தைக் கலக்கிடுச்சு. ஏன்னா தோல்ல அங்கங்க நிறம் போயி வெளுத்துடுமே, எங்க அக்காவுக்கு அந்த வெள்ளை 11 வயசுல விரல் மூட்டுல ஆரம்பிச்சது, அப்பலேர்ந்து இந்த ஒரு சொல்லால அவ பட்ட பாட்டைப் பக்கத்துல இருந்து பார்த்தவன் நான்.

வெண்புள்ளின்னு மாத்தி ப்ரூஃப் அனுப்பினேன். அஞ்சு நிமிஷத்துல போன் வந்துச்சு. "தம்பி, வெண்புள்ளின்னா யாருக்குப் புரியும், குடுத்த மேட்டரை அப்படியே அடிங்க". எத்தனையாவது தடவைன்னு எண்ணிக்கையே விட்டுப் போச்சு. அதான் இன்னைக்கு உக்காந்து முழுசா எழுதிடலாம்னு.

முதல்ல சொல் எங்கேர்ந்து வந்துச்சுன்னு சட்டுனு பார்த்துடலாம். டாக்டருங்க சொல்ற விட்டிலிகோ லத்தீன் சொல், சுமார் 2000 வருஷம் முன்னாடியே ரோம் நாட்டு செல்சஸ் தன்னோட மருத்துவ நூல்ல இதை எழுதியிருக்கார். குறைன்னு அர்த்தம் வர்ற சொல்லுலேர்ந்து வந்துச்சுன்னு ஒரு சாரார், கன்னுக்குட்டின்னு அர்த்தம் வர்ற சொல்லுலேர்ந்து வந்துச்சுன்னு இன்னொரு சாரார் (கன்னுக்குட்டியை ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி வர்றேன்). லூக்கோடெர்மாங்கறது கிரேக்கம், வெள்ளைத் தோல், அவ்வளவுதான். நம்ம வெண்குஷ்டம் சமஸ்கிருத சுவேதகுஷ்டத்தோட பாதி மொழிபெயர்ப்பு. சுவேதத்தை வெண்ணுன்னு மாத்திட்டு குஷ்டத்தை அப்படியே விட்டுட்டாங்க.

இங்கதான் சிக்கலே. பழைய ஆயுர்வேதத்துல குஷ்டம்னா தோல் நோய்க்கெல்லாம் பொதுப் பேரு. சரகர் 18 வகை சொல்றார், அதுல சொறி சிரங்கு மாதிரி சாதாரணமானதும் உண்டு. வெள்ளைக்குன்னே சுவித்திரம்னு தனிப் பேரும் இருந்துச்சு. அப்ப சுவேதகுஷ்டம்னா வெள்ளையான தோல் கோளாறு, அதோட சரி, யாரையும் ஊரை விட்டு அனுப்பற சொல் இல்ல. காலப்போக்குல குஷ்டம்ங்கற பேரு சுருங்கி சுருங்கி ஒரே ஒரு நோய்க்கு, தொழுநோய்க்கு, மட்டும்னு ஆகிப்போச்சு. சொல்லோட அர்த்தம் மாறிடுச்சு, ஆனா வெண்குஷ்டம்ங்கற கூட்டுச்சொல்லை மட்டும் யாரும் கழட்டிப் பார்க்கல. இன்னைக்கு காதுல விழறவனுக்கு அது "வெள்ளையான தொழுநோய்". வேற எப்படியும் விழாது.

ரெண்டுக்கும் ஒட்டும் இல்ல உறவும் இல்ல. தொழுநோய் ஒரு கிருமியால வர்றது, நார்வே நாட்டு ஹான்சன் 1873லயே அந்தக் கிருமியைக் கண்டுபிடிச்சுட்டார், இப்ப மாத்திரையிலயே முழுசா குணமாகுது. அதுல வர்ற திட்டு வெளுத்தாப்ல இருக்கும், தொட்டா உணர்ச்சி இருக்காது. வெண்புள்ளியில கிருமியே கிடையாது. நம்ம உடம்போட எதிர்ப்பு சக்தியே தோலுக்கு நிறம் குடுக்கற செல்லை வேத்து ஆளுன்னு நினைச்சு அழிச்சிடுது, அந்த இடம் பால் மாதிரி வெளுத்துடுது. தொட்டா உணர்ச்சி இருக்கும், கிள்ளினா வலிக்கும், சூடு பட்டா சுடும். ஒட்டாது. ஒரே தட்டுல சாப்பிட்டாலும் ஒட்டாது. உலகத்துல 100 பேர்ல ஒருத்தர்ங்கற கணக்குல இது இருக்கு, பாதிப் பேருக்கு 20 வயசுக்குள்ளயே ஆரம்பிச்சிடுது.

20 வயசுக்குள்ளன்னா என்ன அர்த்தம், பள்ளிக்கூடத்துல. எங்க அக்கா பக்கத்துல உக்காந்திருந்த பொண்ணு ஒரு திங்கக்கிழமை பையை எடுத்துக்கிட்டு பின் பெஞ்சுக்குப் போயிடுச்சு. அந்தப் பொண்ணு மேல எனக்குக் கோபம் கிடையாது. அவங்க வீட்ல யாரோ குஷ்டம்னு சொல்லியிருக்காங்க, குஷ்டம்னா பயப்படத்தானே செய்வாங்க. அப்புறம் பொண்ணு பார்க்க வந்தப்பவும் இதே சொல்தான், மாப்பிள்ளையோட சித்தி அக்காவோட கையைப் பார்த்துட்டு எங்க அம்மாவை சமையக்கட்டுக்குக் கூட்டிட்டுப் போயி மெதுவா கேட்டாங்க, "இது குஷ்டத்துல சேர்ந்ததா?"ன்னு. காபி டம்ளர் அப்படியே ஆறிப்போச்சு, ஒருத்தரும் தொடல. இந்து திருமணச் சட்டத்துல தொழுநோயைக் காட்டி விவாகரத்து கேக்கலாம்னு இருந்ததை 2019லதான் எடுத்தாங்க. அந்த எடையை எல்லாம் சம்பந்தமே இல்லாத ஒரு தோல் மேல தூக்கி வைக்குது இந்தப் பேரு.

இதுக்கு எதிர்வாதம் ஒண்ணு இருக்கு, போன்ல சொன்னவரும் அதைத்தான் சொன்னார், "மக்களுக்குப் புரியற சொல்லைத்தான் போடணும்". புரியுதா? எது புரியுது? வெண்குஷ்டம்னா மக்களுக்குப் புரியறது தொழுநோய்ங்கற தப்பான விஷயம். தப்பைத் தெளிவா புரிய வைக்கற சொல்லை எளிய சொல்னு சொல்ல முடியாது. விழிப்புணர்வுன்னு ஒரு பலகை வச்சு, அதுலயே பயத்தைப் பெரிய எழுத்துல அடிச்சா, கீழ நூறு படம் மாட்டி என்ன பிரயோசனம். 2010லயே தமிழ்நாடு அரசு வெண்குஷ்டம்னு சொல்லக்கூடாது, வெண்புள்ளிகள்னுதான் சொல்லணும்னு சொல்லிடுச்சு. அதுக்காகப் பல வருஷம் அலைஞ்சு மனு குடுத்தது வெண்புள்ளி இருக்கறவங்களேதான். இத்தனை வருஷம் கழிச்சும் பேப்பர்ல, டிவி டப்பிங்ல, யூடியூப் வைத்தியத்துல, சுவத்து விளம்பரத்துல அதே பழைய சொல். "வெண்குஷ்டம் 40 நாளில் குணம்"னு எழுதிக் காசு பார்க்கறவனுக்கு பயமுறுத்தற சொல்தான் லாபம், அவன் மாத்த மாட்டான். படிச்சவங்க ஏன் மாத்தலங்கறதுதான் என் கேள்வி.

இதைவிட மோசம் தனித்தமிழ் ஆர்வத்துல சிலபேர் போடற "வெண்தொழுநோய்". குஷ்டம் வடமொழி, அதனால அதை எடுத்துட்டு தொழுநோய்னு போட்டேன்னு பெருமையா சொல்றாங்க. எனக்கும் தமிழ்ல சொல்லணும்ங்கற ஆசை உண்டு, கடையில என்கொயரின்னு குடுத்தா விசாரணைன்னு மாத்தி அடிக்கறவன்தான் நான். ஆனா இது தமிழாக்கம் இல்லீங்க, தப்பைத் தமிழாக்கினது. வெண்குஷ்டத்துலயாவது பழைய பொது அர்த்தம்னு சாக்கு சொல்ல ஒரு மூலை இருந்துச்சு, வெண்தொழுநோய்ல அந்த மூலையையும் அடைச்சாச்சு. பொருள் சரியா இருக்கான்னு பார்த்துட்டுத்தான் எந்த மொழி வேர்னு பார்க்கணும், இவங்க தலைகீழா பார்க்கறாங்க.

வெண்படைன்னு சித்த வைத்தியத்துல ஒரு சொல் உண்டு. தப்புன்னு சொல்ல மாட்டேன், ஆனா படைன்னா நம்ம பக்கம் அரிப்பு, சொறியறது, ஒருத்தர் துண்டை இன்னொருத்தர் தொடாதேங்கறதுதான் ஞாபகம் வரும். தேமல் வேற சமாச்சாரம், அது பூஞ்சைக் காளான், மருந்து போட்டா போயிடும். நிறமி இழப்பு நோய்னு ஒண்ணு பாடப்புத்தக வாசனையோட சுத்துது, அதுல இழப்பும் இருக்கு நோயும் இருக்கு, ஆளைக் காணோம். வெண்திட்டுன்னுதானே சொல்லணும், உண்மையில பெரும்பாலும் திட்டுத் திட்டாத்தானே இருக்கு, புள்ளின்னா சின்னதா இல்ல இருக்கணும்னு எங்க கடைக்கு வர்ற ஒரு தமிழ் வாத்தியார் ஐயா கேட்டார். நியாயமான கேள்வி. நான் ரெண்டு நாள் யோசிச்சேன்.

யோசிச்சும் புள்ளிதான் எனக்குப் படுது. ஏன்னா நம்ம மொழியில புள்ளிங்கற சொல்லுல அருவருப்பே இல்ல. வாசல்ல வைக்கறது புள்ளி, அதைச் சுத்தித்தான் கோலம். மான்ல அழகு புள்ளிமான், அதோட மேல இருக்கறது வட்டமா திட்டா சின்னதா பெருசான்னு யாரும் அளந்து பார்த்துப் பேர் வைக்கல. எழுத்துக்கும் புள்ளி உண்டு. தொல்காப்பியத்துல "மெய்யின் இயற்கை புள்ளியொடு நிலையல்"னு ஒரு சூத்திரம், க் ச் ட் த்னு மெய்யெழுத்து புள்ளியோட நிக்கறதுதான் இயல்புன்னு சொல்லுது. எழுத்து இலக்கணம்தான் அது, ஆனா மெய்னா உடம்புன்னும் அர்த்தம் இருக்கே. அக்காகிட்ட இந்த வரியைப் படிச்சுக் காட்டினேன். "திரும்பச் சொல்லு"ன்னா. ரெண்டு தடவை சொன்னேன், ஒரு பேப்பர்ல எழுதி வாங்கி மடிச்சு வச்சுக்கிட்டா.

சங்கப் பாட்டுல பொண்ணுங்க மேனியில வர்ற வெளிர்ப் புள்ளியை சுணங்குன்னு சொல்லி வேங்கைப் பூ உதிர்ந்த மாதிரின்னு பாடியிருக்காங்க. அது வெண்புள்ளி இல்ல, அதுவும் இதுவும் ஒண்ணுன்னு சொல்ல வரல. தோல் ஒரே நிறமா இருந்தாத்தான் அழகுன்னு நம்ம மொழி எப்பவும் நினைச்சதில்லன்னு மட்டும் சொல்றேன். பர்கூர் பக்கத்துல மல்லப்பாடி பாறையில நம்ம முன்னோருங்க குதிரை மேல ஆளுங்களை வரைஞ்சிருக்காங்க, எல்லாமே வெள்ளையில. கருத்த கல்லுல வெள்ளை விழுந்தா நாம அதை ஓவியம்னு பார்க்கப் போறோம்.

சரி, தலைப்புல இருந்த "ஏற்பு". இங்கிலீஷ்ல இருந்த அக்செப்டன்ஸ்ங்கற சொல்லுக்கு அகராதியில முதல்ல எது இருந்துச்சோ அதை எடுத்துப் போட்டிருக்காங்க. பதவி ஏற்பு, பொறுப்பு ஏற்பு, அப்ப வெண்குஷ்டம் ஏற்புன்னா? நோயை வாங்கிக்கறதுன்னுதானே படிக்கறவனுக்குத் தோணும். சொல்ல வந்தது மனுஷங்களை ஒதுக்காம சேர்த்துக்கறது. நம்ம ஊர்ல அதுக்கு சேர்த்துக்கறதுன்னே சொல்வாங்க, "அவங்களைப் பந்தியில சேர்த்துக்கிட்டாங்க"ன்னா போதும், முழு விஷயமும் அதுல இருக்கு. அதே மாதிரி "வெண்புள்ளியால் அவதிப்படுபவர்கள்"னு எழுதறாங்க, இதுவும் இங்கிலீஷ் வாடை. எங்க அக்கா வெண்புள்ளியால அவதிப்படல, வெயில்ல அந்த இடம் சீக்கிரம் கன்னும், அதுக்குத் துணி சுத்திப்பா, அவ்வளவுதான். அவ அவதிப்பட்டது மனுஷங்களால. "வெண்புள்ளி உள்ளவர்கள்"னு எழுதினா என்ன குறைஞ்சு போகுது?

கலையால இது முடியுமான்னு கேக்கறவங்களுக்குச் சொல்றேன், முடியும், நடந்திருக்கு. மைக்கேல் ஜாக்சன் 1993ல டிவி பேட்டியில தனக்கு இது இருக்குன்னு சொன்னப்ப நிறைய பேர் நம்பல, 2009ல பிரேதப் பரிசோதனையில உறுதியாச்சு, அவர் இறந்த ஜூன் 25யே 2011லேர்ந்து உலக வெண்புள்ளி தினமா ஆச்சு. கனடா நாட்டு வின்னி ஹார்லோ 2014ல மாடலிங் போட்டியில வந்து அந்தத் தோலோடவே பேர் வாங்கினாங்க. 2020ல பார்பி பொம்மையே வெண்புள்ளியோட வந்துச்சு. பிரேசில்ல வெண்புள்ளி உள்ள ஒரு தாத்தா, பேத்திக்காக நூல்ல பொம்மை பின்ன ஆரம்பிச்சு அதுக்கும் தன்னை மாதிரியே வெள்ளைத் திட்டு வச்சுப் பின்னினார். இவங்க யாரும் வெறும் அறிவுரையோட நிக்கல, கண்ணுக்குப் பழக்கினாங்க. கண் பழகிடுச்சுன்னா பயம் போயிடும். ஆனா அந்தப் படத்துக்குக் கீழ எழுதற ஒரு சொல் எல்லாத்தையும் கெடுத்துடும்.

அந்த ஆர்டரை அவங்க சொன்ன மாதிரியேதான் அடிச்சுக் குடுத்தேன், மேட்டர் அவங்களோடது. மனசு கேக்காம மறுநாள் நானே போய்ப் பார்த்தேன். தாழ்வாரத்துல கயிறு கட்டி க்ளிப் போட்டு சார்ட் பேப்பரை வரிசையா தொங்க விட்டிருந்தாங்க. உலக உருண்டை, கைகோர்த்த கைகள்னு எல்லாம் ஒரே மாதிரி படம். மூணாவது வரிசையில ஒண்ணு மட்டும் வேற. செவலை மாடு ஒண்ணு, வயித்துலயும் முகத்துலயும் வெள்ளை வெள்ளையா, பக்கத்துல முக்காடு போட்ட ஒரு அம்மா மாட்டோட கயித்தைப் பிடிச்சிருக்காங்க, கையில முழங்கை வரைக்கும் அதே வெள்ளை. கிரேயான் தீட்டாம பேப்பரோட வெள்ளையையே விட்டிருந்துச்சு அந்தப் புள்ள. ஏழாவது படிக்குது, பக்கத்துலயே நின்னுட்டு இருந்துச்சு.

"இது என்னம்மா?"ன்னேன்.

"செம்மறைங்க சார். அந்தியூர் சந்தையில வாங்கினது. இது எங்க பெரியம்மா, அவங்களுக்கும் மறை இருக்கு."

செம்மறை. ஈரோடு மாவட்டத்து பர்கூர் மலை (முன்னாடி சொன்ன எங்க பக்கத்து பர்கூர் இல்ல, அது வேற) மாட்டுக்கு நம்ம சனங்க வச்ச பேரு, சிவப்புல வெள்ளை விழுந்தா மறை, நெத்தியில விழுந்தா சுட்டி. சந்தையில தேடிப் பார்த்து வாங்கற மாடு. லத்தீன்காரன் கன்னுக்குட்டியைப் பார்த்துப் பேர் வச்சானோ இல்லையோ, இந்தப் புள்ள வச்சுடுச்சு. மனுஷங்களுக்கு மறைன்னு பொதுவா எழுதுங்கன்னு நான் சொல்ல மாட்டேன், மாட்டுச் சொல்லை மனுஷருக்குப் போட்டா வேற மாதிரி புண்படறவங்களும் இருப்பாங்க, எழுதறதுக்கு வெண்புள்ளியே சரி. ஆனா அந்தப் புள்ளைகிட்ட யாரும் பயத்தைச் சொல்லிக் குடுக்காததால அதுக்குத் தெரிஞ்ச நல்ல சொல்லுலேர்ந்து ஒண்ணை எடுத்துக்கிச்சு.

அந்தப் படத்தை மொபைல்ல எடுத்துட்டு வந்து அக்காவுக்குக் காட்டினேன். பெருசு பண்ணிப் பார்த்தா, அந்த அம்மாவோட கையை. "முழங்கைக்குக் கீழ எனக்கும் இப்படித்தான் கோடு வளையுது"ன்னு சொல்லிட்டு, சட்டைக் கையை மேல ஏத்தி பக்கத்துல வச்சுப் பார்த்தா.

டிடிபி, ஃப்ளெக்ஸ் கடை வச்சிருக்கறவங்க இதைப் படிச்சா ஒரு வேண்டுகோள். அடுத்த ஜூன்ல இந்த மேட்டர் உங்க கைக்கும் வரும். அடிக்கறதுக்கு முன்னாடி ஒரு போன் போட்டுக் கேளுங்க. என்கிட்ட வெண்புள்ளின்னு பெரிய எழுத்துல போட்ட டிசைன் ஒண்ணு ரெடியா இருக்கு, கோரல் ஃபைலா அனுப்பறேன், காசு வேண்டாம்.