இரவிலும் கறுப்புக் கண்ணாடி

2020 ஜூனில் ஒரு பெண் மனநல ஆலோசனைக்காக என்னைத் தொலைபேசியில் அழைத்தார். மணிப்பூரைச் சேர்ந்த செவிலியர். "தூக்கம் வரலை மேடம்" என்று தட்டுத்தடுமாறிய தமிழில் ஆரம்பித்தார். பணிச்சுமைதான் காரணம் என்று நினைத்தேன்.

மூன்றாவது அழைப்பில்தான் விஷயம் வெளியே வந்தது. நைட் டியூட்டிக்குக் கிளம்பும்போதும் அவர் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொள்வாராம். மூக்கையும் வாயையும் முகக்கவசம் மறைத்துவிடும். கண்ணை என்ன செய்வது? அதைப் பார்த்துத்தான் தெருவில் "கொரோனா, கொரோனா" என்று கூப்பிடுகிறார்கள்.

"அவங்களைக் கண்டுக்காதீங்க" என்றேன். நான் அப்படிச் சொல்லியிருக்கவே கூடாது. சற்று நேரம் அவர் பேசவில்லை. அப்புறம், "நான் கண்டுக்கலை மேடம். கடைக்காரர் எனக்கு அரிசி தர மாட்டேங்கிறார்" என்றார்.

இது அவர் ஒருவரின் கதை இல்லை. நாடு தழுவிய பொதுமுடக்கம் தொடங்குவதற்கு 4 நாள் முன்பே, மார்ச் 21 அன்று, வடகிழக்கு மாநிலத்தவரை கொரோனாவோடு சேர்த்துப் பேசித் துன்புறுத்துபவர்கள்மீது நடவடிக்கை எடுக்கச் சொல்லி மத்திய உள்துறை அமைச்சகம் மாநிலங்களுக்கு எழுதியது. நோய்க்கு ஊர் பெயரோ மக்கள் பெயரோ வைக்காதீர்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2015-லேயே சொன்னது. இங்கே மனிதர்களுக்கே நோயின் பெயரை வைத்தார்கள். சும்மா கேலிதானே என்பவர்களுக்கு ஒன்று: 2014-இல் டெல்லியில் தலைமுடியைக் கேலி செய்ததில் தொடங்கிய தகராறில்தான் அருணாசலப் பிரதேச மாணவர் ஒருவர் தாக்கப்பட்டு இறந்தார். அதன்பின் வடகிழக்கு மக்களின் பிரச்சினைகளை ஆராய மத்திய அரசு அமைத்த பெஸ்பருவா குழு, இத்தகைய இழிசொற்களைத் தண்டிக்கத் தனிச் சட்டப்பிரிவு வேண்டும் என்றது.

இதில் என்னை உலுக்கியது வேறு. நடுவில் அந்த மணிப்பூர்ப் பெண்ணுக்கு 2 நாள் காய்ச்சலும் இருமலும் இருந்திருக்கிறது. பரிசோதனைக்குப் போகவில்லை. பாசிட்டிவ் என்று வந்தால் "அப்பவே சொன்னோமே" என்று தெருவே சொல்லும் என்ற பயம். சக ஊழியர்களுக்குக் கேட்காமல் இருக்கக் கழிப்பறைக்குள் போய், வாயில் துணியை வைத்து இருமியிருக்கிறார். ஒரு செவிலியர்! தொற்று பரவும் விதம் அவருக்குத் தெரியாதா? தெரிந்தவரையே அவமானம் ஒளிய வைத்துவிட்டது.

கீழ்வீட்டு அம்மா ஒருநாள் அவரோடு கடைக்குப் போனார். "முதல்ல இந்தப் பொண்ணுக்குப் போடுப்பா" என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாராம். அன்று 5 மணி நேரம் தூங்கியதாக அந்தப் பெண் என்னிடம் சொன்னார். கண்ணாடியைக் கழற்ற இன்னும் பல வாரங்கள் ஆயின.