டர்பைன்: விசையாழியா, சுழலியா?

நீர்மின் நிலையத்தில் தண்ணீர் வந்து மோதிச் சுழற்றுகிற சக்கரம்தான் டர்பைன். அது சுழன்றால் அதே தண்டில் கோத்திருக்கும் ஜெனரேட்டரும் சுழலும்.

வேர் லத்தீன். 'டர்போ' என்றால் பம்பரம், சுழற்காற்று. பிரெஞ்சுப் பொறியாளர் குளோட் பர்டின் 1822இல் இந்தப் பெயரை வைத்தார். உருப்படியாக ஓடும் ஒன்றை 1827இல் செய்து காட்டியவர் அவருடைய மாணவர் ஃபூர்னெய்ரோன்.

நீலகிரியில் 1932இல் ஓடத் தொடங்கிய பைக்காரா மின் நிலையத்தில் இருப்பது பெல்ட்டன் வகை. அமெரிக்கரான லெஸ்டர் பெல்ட்டன் 1880இல் காப்புரிமை பெற்றது. சக்கரத்தின் விளிம்பு முழுக்க இரட்டைக் கிண்ணங்கள். 900 மீட்டருக்கு மேல் குழாயில் இறங்கி வரும் தண்ணீர், நாசில் என்ற குறுகிய முனை வழியே விநாடிக்குச் சுமார் 130 மீட்டர் வேகத்தில் பீறிட்டு, கிண்ணங்களுக்கு நடுவே உள்ள கூரான வரப்பில் பட்டு இரண்டாகப் பிரிந்து திரும்பும்.

அந்த உயரம்தான் காசு. ஆயிரம் லிட்டர் தண்ணீர் 900 மீட்டர் இறங்கினால், இழப்பு போகச் சுமார் இரண்டு யூனிட் கிடைக்கும். அதே தண்ணீர் மேட்டூரில், அணை நிரம்பியிருந்தாலும், பத்தில் ஒரு யூனிட் அளவுக்குத்தான் தரும். பைக்காராவில் வேலை முடித்து வெளியேறும் தண்ணீரை மோயாறு மின் நிலையம் இன்னொரு முறை பயன்படுத்திக்கொள்கிறது. அணைக்கும் குழாய்க்கும் அன்றைக்குப் போட்ட முதலுக்கு வட்டி கட்டும் காலம் போய்விட்டது. எரிபொருள் செலவும் கிடையாது. பழைய நிலையங்களில் காசு கேட்பது தேய்மானம். மணல் கலந்த தண்ணீர் கிண்ணத்தை அரிக்கும், அடியில் விரிசல் விடும். கழற்றி, வெல்டிங் வைத்து, தேய்த்து மாட்ட வேண்டும். நின்றிருக்கும் நிலையத்தைச் சில நிமிடங்களில் ஓட்டிவிடலாம் என்பதால் மாலை நேரத் தேவைக்கு நன்றாகக் கைகொடுக்கும். மழை பொய்த்தால் சும்மா நிற்கும்.

சரி, தமிழில் என்ன? சுழலி, விசையாழி இரண்டும் புழக்கத்தில் உள்ளன. சுழலி எளிது, லத்தீன் வேருக்கும் நெருக்கம். ஆனால் ஜெனரேட்டருக்குள் சுழலும் பாகமான ரோட்டரையும் சுழலி என்று எழுதுபவர்கள் உண்டு. ஒரே தண்டில் இரண்டு சுழலி இருந்தால் பழுது பார்க்க வந்தவர் எதைக் கழற்றுவார்? ஆழி என்றால் சக்கரம் (கடல் என்ற பொருளை இங்கே விட்டுவிடலாம், திருமால் கையில் இருப்பதும் ஆழிதான்). விசை தரும் சக்கரம் விசையாழி. பேச்சில் டர்பைன் போகாது, போகவும் வேண்டாம். எழுத்தில் நான் விசையாழி என்றே போடுகிறேன். பெல்ட்டன் விசையாழி, நீராவி விசையாழி என்று அடை சேர்க்கவும் தோதாக இருக்கிறது.