ஆட்டின் ஏப்பமும் கொறங்காட்டு வேலங்காயும்

செம்மறியாடு பூமியைச் சூடாக்குகிறது என்று கொங்கு நாட்டு மூலனூர்ப் பக்கம் போய்ச் சொன்னால் சிரிப்பார்கள். மழை பொய்த்த காட்டில் காய்ந்த புல்லைக் கறியாக மாற்றித் தருகிற ஜீவன் மேல் இப்படி ஒரு பழியா என்பார்கள். பழி பொய்யில்லை, ஆனால் பாதிக் கதைதான்.

கணக்கை முதலில் பார்த்துவிடலாம். நம்மைப் போன்ற நாடுகளில் ஒரு செம்மறி ஆண்டுக்குச் சுமார் 5 கிலோ மீத்தேன் வெளியிடுகிறது என்பது ஐநாவின் காலநிலைக் குழு வைத்திருக்கும் பொது அளவு. பூமியைச் சூடாக்குவதில், நூறாண்டுக் கணக்கில் ஒரு கிலோ மீத்தேன் 27 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். அப்படியானால் ஓர் ஆட்டின் ஓராண்டு ஏப்பம், ஏறக்குறைய 60 லிட்டர் பெட்ரோல் எரித்ததற்கு ஈடு. ஏப்பம் என்று தெரிந்தேதான் சொல்கிறேன். பலரும் நினைப்பதுபோல் இந்த வாயு பின்பக்கமாகப் போவதில்லை, பெரும்பகுதி வாய் வழியாகத்தான் வருகிறது.

வெயில் உச்சிக்கு வந்ததும் வெள்வேல மரத்தடியில் ஆடுகள் படுத்துவிடும். ஒன்றின் கழுத்தையே கவனித்துக்கொண்டிருங்கள். ஓர் உருண்டை அடியிலிருந்து மேலே ஏறும், தாடை பக்கவாட்டில் அரைக்கும், அரைத்தது விழுங்கப்படும், சில நொடியில் அடுத்த உருண்டை வரும். அரைத்தது போய்ச் சேரும் முதல் வயிற்றில் கோடிக்கணக்கான நுண்ணுயிரிகள் இருக்கின்றன. புல்லின் நாரை ஆட்டால் தானாகச் செரிக்க முடியாது; அவைதான் அதை உடைத்து அசிட்டிக் அமிலம் போன்றவையாக மாற்றுகின்றன. ஆடு வாழ்வதே அந்த அமிலங்களை வைத்துத்தான்.

நார் உடையும்போது ஹைட்ரஜன் மிஞ்சும். அது வயிற்றில் தேங்கினால் நொதித்தலே நின்றுபோகும். அதை அப்புறப்படுத்துவதற்கென்றே ஆர்க்கியா என்ற இன்னொரு வகை நுண்ணுயிரி உண்டு. அது ஹைட்ரஜனையும் கரியமில வாயுவையும் சேர்த்து மீத்தேனாக்குகிறது. வீட்டுச் சாண எரிவாயுக் கலனுக்குள் நடப்பதும் கிட்டத்தட்ட இதேதான். அங்கே அடுப்பு எரிகிறது, இங்கே வாயு காற்றில் போகிறது. தின்ற தீவன ஆற்றலில் சுமார் 6 சதவீதம் இப்படி வீணாகிறது, அதாவது ஆட்டுக்காரருக்கும் இது நட்டம்தான். உலகெங்கும் நடக்கிற ஆராய்ச்சியில் பெரும்பகுதி இந்த ஹைட்ரஜனை என்ன செய்வது என்பதைச் சுற்றித்தான்.

ஒரு வழி, ஆர்க்கியாவின் கையைக் கட்டிவிடுவது. அஸ்பராகாப்சிஸ் என்ற சிவப்புக் கடற்பாசியில் புரோமோஃபார்ம் என்ற வேதிப்பொருள் இருக்கிறது. மீத்தேன் உருவாகும் கடைசிப் படியை அது தடுத்துவிடும். ஆஸ்திரேலியாவில் செம்மறிகளுக்குத் தீவனத்தோடு கலந்து கொடுத்தபோது மீத்தேன் 80 சதவீதம் வரை குறைந்தது. கேட்க அபாரமாக இருக்கிறது. ஆனால் தினமும் அளந்து தொட்டியில் போட்டால்தான் வேலை செய்யும். காலையில் படலைத் திறந்துவிட்டால் பொழுது சாயும்வரை மேய்கிற ஆட்டுக்கு இது ஒத்துவராது.

நியூசிலாந்துக்காரர்கள் வேறு பக்கமாக யோசித்தார்கள். 1982-இல் அங்கே 7 கோடி செம்மறிகள் இருந்தன, இன்று அதில் பாதிகூட இல்லை. ஆனாலும் நாட்டின் வாயு வெளியேற்றத்தில் கால்நடையின் பங்கு பெரிது. ஒரே புல்லைத் தின்றாலும் ஆட்டுக்கு ஆடு ஏப்பம் வேறுபடுகிறது என்பதைக் கவனித்து, ஆடுகளைச் சிறிது நேரம் மூடிய பெட்டிக்குள் நிறுத்தி வாயுவை அளந்தார்கள். குறைவாக விடுவதை ஒரு வரிசையாகவும், அதிகமாக விடுவதை இன்னொரு வரிசையாகவும் பெருக்கினார்கள். மூன்று தலைமுறைக்குள் இரண்டுக்கும் 10 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் வந்துவிட்டது. குறைவாக விடுகிற ஆட்டுக்கு முதல் வயிறு சிறிது, தீவனம் அங்கே அதிக நேரம் தங்குவதில்லை. என்னைக் கேட்டால் நம் ஊருக்குப் பொருந்துகிற யோசனை இதுதான். கிடாயைப் பார்த்து எடுப்பது நமக்குப் புதிதில்லை. மேச்சேரிச் செம்மறி இனத்துக்கென்று சேலம் மாவட்டம் பொட்டனேரியில் ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது.

மூன்றாவது வழி தீவனம். கொங்குக்காரர்கள் பெயர் வைக்காமலே செய்துவந்தது இது. காங்கயம், தாராபுரம், வெள்ளகோவில், அரவக்குறிச்சி வட்டாரத்துக் கொறங்காடு, அதாவது மேய்ச்சலுக்கென்றே விட்ட காடு, மூன்று பொருளால் ஆனது: சுற்றிலும் முள்ளுக்கிளுவை உயிர்வேலி, உள்ளே கொழுக்கட்டைப்புல், இடையிடையே வெள்வேலம். ஐப்பசி, கார்த்திகை மழைக்குத் தழைத்த புல் கோடையில் நின்ற நிலையிலேயே காய்ந்து வைக்கோலாகிவிடும். காய்ந்த புல்லில் நார் அதிகம், புரதம் குறைவு. அதை மட்டும் தின்கிற ஆடு எடை ஏறாமலே மீத்தேனை விட்டுக்கொண்டிருக்கும். அந்தப் பஞ்சக் காலத்தில்தான் வேலங்காய் பழுத்து உதிர்கிறது. ஆடுகள் மரம் மரமாக ஓடிப் பொறுக்குவதைப் பார்த்திருப்பீர்கள். காயில் புரதம் இருக்கிறது. துவர்ப்பும் இருக்கிறது, அதாவது டானின். அளவான டானின் ஆர்க்கியாவை அடக்குகிறது. கூடவே புரதத்தைப் பற்றிக்கொண்டு முதல் வயிற்றைத் தாண்டிக் குடலுக்குக் கடத்துகிறது, அதனால் மூத்திரத்தில் நைட்ரஜன் குறையும். மண்ணில் விழுகிற மூத்திரத்திலிருந்துதான் நைட்ரஸ் ஆக்சைடு கிளம்புகிறது, அது மீத்தேனைவிடப் பல மடங்கு கெட்டது. வெளிநாடுகளில் டானின் உள்ள பயறுவகைத் தீவனப் பயிர்களை மேய்ச்சலில் விதைத்துப் பார்ப்பதும் இதற்காகத்தான். ஒன்று, டானின் மிஞ்சினால் செரிமானமே கெடும். காயை மட்டும் மூட்டை கட்டி வைத்துப் போடக் கூடாது.

அப்புறம், பலரும் காலநிலையோடு சேர்த்துப் பார்க்காத ஒரு விஷயம்: துள்ளுமாரி என்ற ஆட்டு நோய்க்குப் போடும் தடுப்பூசி. மழைக்குப்பின் இளம்புல்லை வயிறு முட்ட மேய்ந்த நல்ல குட்டிதான் இந்த நோயில் திடீரென்று விழும். அதுவரை அந்தக் குட்டி விட்ட ஏப்பமும், அதற்காகத் தாய் விட்ட ஏப்பமும் ஒரு கிலோ கறிகூடத் தராமல் வீண். கறிக்கு இத்தனை கிலோ வாயு என்று கணக்குப் போடும்போது, குட்டி சாகாமல் இருப்பதும் சந்தை எடையைச் சீக்கிரம் எட்டுவதும் கடற்பாசிக்குச் சளைத்தவை அல்ல. கன்னிவாடிச் சந்தைக்கு ஒரு மாதம் முந்திப் போகிற கிடாய், ஒரு மாத ஏப்பத்தை மிச்சப்படுத்துகிறது.

சாணக் கணக்கில் செம்மறி தப்பித்துவிடும். புழுக்கை உதிரியாக விழுந்து காற்றுப் பட்டுக் காய்வதால் அதிலிருந்து வரும் மீத்தேன் சொற்பம், ஆண்டுக்கு 0.2 கிலோ அளவில்தான். அறுவடை முடிந்த காட்டில் பட்டியை இடம் மாற்றி மாற்றி அடைத்தால் எரு பரவலாகச் சேரும், அந்த அளவுக்கு யூரியா மிச்சம். யூரியா செய்யவும் இயற்கை எரிவாயு செலவாகிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சரி, மண்? கொழுக்கட்டைப்புல் பல்லாண்டுப் பயிர், வேர் ஆழமாகப் போகும். வேலியடைத்த காடு நாலைந்து இருந்தால் ஒன்றை மேய விட்டு மற்றவற்றைத் தேறவிடலாம். வேர் வளர வளர மண்ணில் கார்பன் சேரும். இங்கே கொஞ்சம் நிதானம் வேண்டும். ஆட்டு ஏப்பம் முழுவதையும் மண் விழுங்கிவிடும் என்று சிலர் உற்சாகமாகச் சொல்கிறார்கள். மண்ணுக்கு ஓர் எல்லை இருக்கிறது, சில பத்தாண்டுகளில் நிறைந்துவிடும். ஏப்பமோ ஆண்டுதோறும் தொடரும். ஆனால் எதிர்ப்பக்கமும் உண்டு. மீத்தேன் காற்றில் சுமார் 12 ஆண்டுதான் தங்கும். மந்தை பெருகாமல் ஒரே அளவில் இருந்தால் பழையது அழிய அழியப் புதியது அந்த இடத்தைத்தான் நிரப்புகிறது. பெட்ரோல் புகைக்கு இந்தச் சலுகை கிடையாது. கொறங்காட்டை உழுது மனை பிரித்தாலோ, பல ஆண்டுகளாகச் சேர்ந்த கார்பன் வெகு சீக்கிரம் வெளியேறிவிடும்.

இப்போது இந்தப் பக்கம் காற்றாலைகளோடு சோலார் பலகைகளும் வருகின்றன. அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் பலகைகளுக்கு அடியில் செம்மறிகளை மேயவிடுகிறார்கள். புல் வெட்ட இயந்திரம் ஓட்ட வேண்டியதில்லை, ஆட்டுக்கு நிழல் கிடைக்கிறது, நிழலில் மண்ணின் ஈரமும் சற்று நிற்கிறது. மரத்தை வெட்டிவிட்டுப் பலகை நடுவதை நான் ஏற்கவில்லை, வேலங்காய்க்குப் பலகை ஈடாகாது. எப்படியும் நட்டுவிட்ட இடத்தில் ஆட்டை விடலாம். செம்மறியை மட்டும். வெள்ளாட்டை விட்டால் வயரைக் கடிக்கும், மாலைக்குள் பலகை மேல் ஏறி நிற்கும்.