அந்த மாத்திரை ஏன் அவளுக்குச் சேரவில்லை

தூத்தூர்ப் பக்கக் கடற்கரை ஊர் ஒன்றிலிருந்து ஒரு தாய், மூன்று வயது மகளைத் தூக்கிக்கொண்டு நாகர்கோவிலில் என்னைப் பார்க்க வந்தார். (அடையாளம் தெரியாதபடி ஊரையும் சில விவரங்களையும் மாற்றியிருக்கிறேன்.) கணவர் ஆழ்கடலுக்குப் போயிருந்தார். பிள்ளைக்கு முதல் வலிப்பு ஆறாவது மாதத்தில், காய்ச்சலோடு வந்தது. அரை மணி நேரம் நிற்கவில்லை. அடுத்த முறை வலது கைகால் மட்டும் வெட்டியது, அதற்கடுத்த முறை இடது. பாட்டி வெந்நீர் ஊற்றிக் குளிப்பாட்டும்போதுகூட வந்திருக்கிறது. ஓராண்டாகக் கார்பமாசெபைன் என்ற வலிப்பு மாத்திரை கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"மருந்தைக் கூட்டக் கூட்ட வலிப்பும் கூடுது டாக்டரே" என்றார்.

நோய் என்ன என்பதைப் பாதி அந்த ஒரு வரியிலேயே அவர் சொல்லிவிட்டார். மரபணுப் பரிசோதனை மீதியைச் சொன்னது: எஸ்.சி.என்.1ஏ என்ற மரபணுவில் பிழை, டிராவே நோய்க்குறி. 1978-இல் பிரான்சில் சார்லட் டிராவே என்ற மருத்துவர் விவரித்த நோய் இது. அதற்குக் காரணமான மரபணு 2001-இல்தான் தெரியவந்தது.

நரம்பு செல்லின் சுவரில் சோடியம் நுழைவதற்கு வாசல்கள் உண்டு. அவை திறந்தால்தான் செல் மின்துடிப்பை அனுப்பும். கார்பமாசெபைன், ஃபெனிடாயின், லாமோட்ரிஜின் போன்ற மருந்துகள் இந்த வாசல்களை அடக்குகின்றன. பெரும்பாலான வலிப்புகளுக்கு அது நல்லது. எஸ்.சி.என்.1ஏ பிழையால் டிராவே பிள்ளைகளிடம் வாசல் குறைந்திருப்பதோ, மற்ற செல்களை அமர்த்திவைக்கும் செல்களில். அதாவது பிரேக் ஏற்கெனவே தளர்ந்திருக்கிறது. அந்த மருந்து மிச்சமிருக்கும் பிரேக்கையும் தளர்த்திவிடுகிறது. இதே கார்பமாசெபைன், பிறந்த முதல் வாரத்திலேயே வலிப்பு தொடங்கும் கே.சி.என்.க்யூ.2 என்ற வேறொரு மரபணுவில் பிழையுள்ள குழந்தைகளுக்கு மிக நன்றாக வேலை செய்யும். ஆகவே பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கேட்ட மாத்திரை உங்கள் பிள்ளைக்கும் கேட்கும் என்று இல்லை. அதற்காக இதைப் படித்துவிட்டு யாரும் மருந்தை நீங்களாக நிறுத்திவிட வேண்டாம். சட்டென்று நிறுத்தினால் நிற்காத வலிப்பு வரலாம். இந்தக் குழந்தைக்கும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் மாற்றினோம், வால்ப்ரோயேட்டுக்கும் க்ளோபாசாமுக்கும். வலிப்பு முழுதாகப் போய்விடவில்லை. ஆனால் அரைமணி நேர வலிப்புகள் அரிதாகிவிட்டன.

அப்புறம் அந்தத் தாய் கேட்டார்: "வேற புது மருந்து ஏதாவது உண்டா? ஆராய்ச்சின்னு சொல்லி பிள்ளையை வச்சு சோதிச்சுப் பாக்க மாட்டாங்களே?"

இந்தப் பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்வதில்லை. பெற்றவர்களுக்கு அது இருக்கத்தான் வேண்டும். அதே நேரம், இன்று நம் கையில் இருக்கும் மருந்துகள் வந்த வழியும் அவர்களுக்குத் தெரிய வேண்டும். ஸ்டிரிபென்டால் என்ற மருந்தை உதாரணமாகப் பாருங்கள். 2000-இல் பிரான்சில் வெளியான ஆய்வில் 41 டிராவே குழந்தைகள் இருந்தார்கள். மருந்து பெற்ற 21 பேரில் 15 பேருக்கு வலிப்பு பாதிக்கும் கீழே குறைந்தது. பெறாத 20 பேரில் ஒருவருக்கு மட்டுமே. கன்னாபிடியோல் என்ற இன்னொரு மருந்துக்கு 2017-இல் வெளியான ஆய்வில் 120 பேர். மருந்து பெற்றவர்களுக்கு மாதம் 12 அளவில் இருந்த வலிப்பு 6-ஆகக் குறைந்தது. மற்றவர்களுக்கு 14 சொச்சம் அப்படியே நின்றது. வயிற்றுப்போக்கு, தூக்கக் கலக்கம், வால்ப்ரோயேட்டோடு சேரும்போது கல்லீரலுக்குச் சிரமம் என்று அதன் தொல்லைகளும் அதே ஆய்வில்தான் பதிவாயின. ஃபென்ஃப்ளூரமின் உடல் மெலிவதற்கான மருந்தாக விற்கப்பட்டு, இதய வால்வைக் கெடுத்ததால் 1997-இல் அமெரிக்கச் சந்தையிலிருந்து எடுக்கப்பட்டது. 2020-இல் டிராவேக்காகக் குறைந்த அளவில் அங்கே அனுமதி பெற்றது, இதய எக்கோ தவறாமல் எடுக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு.

"ஒரு பிள்ளைக்குக் கேட்டதே, அது போதாதா?" என்று கேட்பார்கள். போதாது. கே.சி.என்.டி.1 மரபணு வலிப்பில் குவினிடின் என்ற இதயத்துடிப்பு மருந்து ஒரு குழந்தைக்கு அருமையாக வேலை செய்ததாக 2014-இல் செய்தி வந்தது. ஆய்வுக்கூடச் சோதனைகளும் அதற்குப் பொருந்தின. ஆறு நோயாளிகளிடம் முறையாகச் சோதித்து 2018-இல் வெளியிட்டபோது பலன் தெரியவில்லை, இருவருக்கு இ.சி.ஜி.யில் மாற்றம் தென்பட்டது. வலிப்பு தானாகவே ஏறி இறங்கும் நோய். மிக மோசமான மாதத்தில்தான் நம்மிடம் வருகிறார்கள். அடுத்த மாதம் எது கொடுத்தாலும் கொஞ்சம் குறையும். அதனால்தான் சிலருக்கு மருந்தும், சிலருக்கு மருந்துச் சத்தே இல்லாத பிளாசிபோவும் கொடுத்து ஒப்பிடுகிறார்கள். மேலே சொன்ன ஸ்டிரிபென்டால், கன்னாபிடியோல் ஆய்வுகளில், பிளாசிபோ பெற்ற குழந்தைகளுக்கும் வழக்கமான வலிப்பு மருந்துகள் தொடர்ந்தன. இதை விளக்கிச் சொன்னதும் அந்தத் தாயின் முகத்தில் இருந்த இறுக்கம் தளர்ந்தது.

நாளை யாராவது ஆய்வில் சேரச் சொன்னால் சங்கடப்படாமல் கேளுங்கள். இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் இதன் எண் என்ன? (2009 முதல் பதிவு கட்டாயம்.) எந்த நெறிமுறைக் குழு அனுமதித்தது? தமிழில் எழுதிய விவரத் தாளை வீட்டுக்குக் கொண்டுபோய், கணவர் கரைக்கு வந்ததும் காட்டிவிட்டுக் கையெழுத்துப் போடலாமா? ஆய்வால் பாதிப்பு வந்தால் செலவில்லாத சிகிச்சையும் இழப்பீடும் தர வேண்டும் என்று 2019-ஆம் ஆண்டின் இந்திய மருந்து ஆய்வு விதிகள் சொல்கின்றன. எப்போது வேண்டுமானாலும் விலகலாம், அதனால் வழக்கமான சிகிச்சை கெடக்கூடாது. ஏழு வயதுக்கு மேற்பட்ட பிள்ளையிடமும் புரியும்படி சொல்லிச் சம்மதம் கேட்க வேண்டும். ஆய்வு மருந்துக்குப் பணம் கேட்டால் அங்கேயே நிறுத்திவிட்டு என்னிடமோ உங்கள் மருத்துவரிடமோ பேசுங்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். "எங்க குடும்பத்துல யாருக்கும் இல்ல, இது அவ வீட்டுச் சீக்கு" என்று மாமியார் சொன்னதை அந்தப் பெண் அழுதுகொண்டே சொன்னார். டிராவேயில் பத்தில் ஒன்பது பேருக்கு அந்தப் பிழை புதிதாக உண்டானது. தாயிடமும் இல்லை, தகப்பனிடமும் இல்லை. மரபணு நோய் எல்லாம் பரம்பரை நோய் ஆகாது. சொந்தத்தில் கல்யாணம் செய்த வீடுகளில் வரும் சில வலிப்புகள் வேறு வகை. அங்கே அடுத்த குழந்தைக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. எந்த வகை என்று தெரியாமல் யார் மீதும் பழி போடுவது கொடுமை. அடுத்த முறை மாமியாரையும் கூட்டிவரச் சொன்னேன். வந்தார், உட்கார்ந்து கேட்டார்.

உங்கள் பிள்ளைக்கு ஒரு வயதுக்குள் காய்ச்சலோடு நீண்ட வலிப்பு வந்து, அதுவும் பக்கம் மாறி மாறி வந்தால், திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரா ஆனாலும் ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி ஆனாலும், போகும்போது மூன்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்: செல்போனில் எடுத்த வலிப்பு வீடியோ, இதுவரை கொடுத்த எல்லா மருந்துச் சீட்டும், எந்தத் தேதியில் எத்தனை நிமிடம் என்று குறித்த நோட்டு. எந்த மருந்துக்குப் பிறகு கூடியது என்பதையும் அதில் எழுதுங்கள்.