பல்லிடுக்கிலிருந்து பெருங்குடல் கட்டி வரை

பல்லும் ஈறும் சேரும் இடத்தில் படியும் மெல்லிய படலத்தில், நூல் நூற்கும் கதிரைப் போல இரு முனையும் கூர்ந்த ஒரு பாக்டீரியா வாழ்கிறது. ஃபியூசோபாக்டீரியம் நியூக்ளியேட்டம் என்பது அதன் பெயர். 2012இல் அமெரிக்காவிலும் கனடாவிலும் இரு ஆய்வுக் குழுக்கள், பெருங்குடல் புற்றுநோயாளிகளின் கட்டியையும் அதையொட்டிய நல்ல திசுவையும் ஒப்பிட்டபோது, கட்டிக்குள் இந்தப் பாக்டீரியாவின் மரபணுத் தடயம் மிகுந்திருப்பதைத் தனித்தனியே கண்டன.

ஈறு கசியும்போது இரத்தத்தில் கலந்தோ, உமிழ்நீரோடு விழுங்கப்பட்டு இரைப்பையைக் கடந்தோ அது பெருங்குடலை அடையலாம். 2024இல் வெளியான ஓர் ஆய்வு, சோதித்த கட்டிகளில் ஏறத்தாழ பாதியில் இதன் குறிப்பிட்ட ஒரு கிளை இருப்பதையும், அந்தக் கிளை அமிலத்தைத் தாங்க வல்லது என்பதையும் காட்டியது.

போய்ச் சேர்ந்தபின் ஒட்டிக்கொள்வது எப்படி என்பதுதான் வியப்புக்குரியது. பெருங்குடல் புற்றணுக்களின் மேற்பரப்பில் காலக்டோஸ் சேர்ந்த ஒருவகைச் சர்க்கரை மூலக்கூறு இயல்புக்கு மேல் அடர்ந்திருக்கும். பாக்டீரியாவின் உடல்மேல் நீட்டி நிற்கும் ஃபாப்2 என்னும் புரதம் அதைக் கொக்கி போலப் பற்றிக்கொள்கிறது. ஆக்சிஜன் குறைந்த கட்டியின் உட்புறம், ஆக்சிஜன் வேண்டாத இந்த உயிருக்கு ஏற்ற இடம். அதே ஃபாப்2, புற்றணுவை அழிக்க வரும் கொல்லி அணுக்களின் மேலுள்ள டிஜிட் என்னும் ஏற்பியையும் பிடித்து அவற்றின் வேகத்தைத் தணிக்கிறது. ஃபேட்ஏ என்னும் மற்றொரு புரதமோ அணுக்கள் பெருகுவதற்கான சமிக்ஞையைத் தூண்டுகிறது. இவ்வளவு இருந்தும், புற்றுநோயைத் தொடங்கி வைப்பது இதுவே என்று சொல்வதற்கில்லை. முளைத்துவிட்ட கட்டிக்கு இது உரமாகிறது என்பதே சான்றுகளோடு பொருந்தும் கூற்று.

2017இல் வெளியான ஆய்வொன்றில், கல்லீரலுக்குப் பரவிய கட்டிகளிலும் இந்தப் பாக்டீரியா உடன் சென்றிருப்பது தெரிந்தது. மனிதக் கட்டித் துண்டுகளை எலிகளில் பொருத்தி, ஓர் எலியிலிருந்து அடுத்ததற்கு மாற்றிக்கொண்டே போனபோதும் அது உயிரோடு தொடர்ந்தது. அந்த எலிகளுக்கு, அமீபா வயிற்றுப்போக்குக்குத் தரப்படும் மெட்ரோனிடசோலைக் கொடுத்ததும் பாக்டீரியா குறைந்தது; கட்டியின் வளர்ச்சியும் தணிந்தது.

இதைப் படித்துவிட்டு எவரும் அந்த மாத்திரையைத் தாமாக வாங்கி விழுங்கிவிடக் கூடாது. குடலில் நமக்கு உதவும் பாக்டீரியாக்களில் பலவும் ஆக்சிஜனின்றி வாழ்பவை. மெட்ரோனிடசோல் அவற்றையும் சேர்த்தே கொல்லும். ஆகவேதான், ஃபியூசோபாக்டீரியத்தை மட்டும் தேடித் தாக்கும் வைரஸ்களை ஆய்வாளர்கள் எலிகளில் சோதித்து வருகின்றனர்.